தையல் கடையில் கூடிய கோர்ட்டு

என் தங்கை ஜெயப்பிரியா செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். பத்தாவதோடு நின்றுவிட்ட நான், படாளத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் வக்கீல் அவள்தான். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஆனால் ஐந்து வருஷமாக அவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே வேலை. சீனியருக்குப் பின்னால் நிற்பாள். அவர் வரத் தாமதமானால் வாய்தா கேட்பாள். அவளுக்குச் சின்னக் குரல். வாதாட வாய் திறந்தால் எதிர்த்தரப்பு ஆண் வக்கீல்கள் குறுக்கே பாய்ந்து சத்தம் போடுவார்கள். இவள் பேச்சு நீதிபதி காதுக்குப் போய்ச் சேராது. சாயங்காலம் கடைக்கு வந்து, விட்டுப்போன வாதத்தையெல்லாம் என்னிடம் பேசித் தீர்ப்பாள். நான் துணி வெட்டிக்கொண்டே கேட்பேன்.

கொரோனா வந்தது, கோர்ட்டை மூடினார்கள். பிறகு அவசர வழக்குகளை மட்டும் வீடியோவில் விசாரிப்பதாகச் சொன்னார்கள். சீனியர் போன் செய்தார்.

"செல்போனைப் பார்த்து வாதாட எனக்கு வராதும்மா. செல்லம்மா கேஸை நீயே நடத்திடு."

செல்லம்மா அச்சரப்பாக்கத்துப் பக்கத்துக் கிராமத்தில், கணவர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருப்பவர். கொழுந்தன் தாமோதரன் அந்த வீட்டைப் பிடிக்கப் பார்த்தான். வீடு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, அண்ணி தாய்வீட்டோடு போய்விட்டாள் என்று கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தான். தடையுத்தரவு கிடைக்காவிட்டால் செல்லம்மா தெருவில்தான். ஊரடங்கில் போக்கிடமும் கிடையாது.

எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தொங்கிய ஜாக்கெட்டுகளை எல்லாம் கழற்றினேன். சுவரில் வெள்ளை லைனிங் துணியைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு மாட்டினேன். கவுனும் கோட்டும் வேண்டாம், வெள்ளைக் கழுத்துப்பட்டை போதும் என்று சொல்லியிருந்தார்கள். பட்டை கோணாமல் நிற்கும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

ஒத்திகையில் நாற்காலியில் உட்கார்ந்தவள் திக்கினாள்.

"உக்காந்தா வாயே வரலக்கா. கோர்ட்ல நின்னுகினுதானே பேசுவோம்?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? போனை ஆணியிலயா மாட்டறது?"

"வெட்டுற மேசை மேல மிஷினைத் தூக்கி வை. அதுக்கு மேல போனை வை. நான் நின்னே பேசறேன்."

அப்படியே செய்தோம்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஜானகிராமன், குரலாலேயே கோர்ட்டை அதிரவைப்பவர். பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்து நின்றார். திரையில் அவர் தலை காணாமல் போய், வயிறு மட்டும் தெரிந்தது.

"சார், உட்கார்ந்து பேசுங்க. உங்க முகமே தெரியல" என்றார் நீதிபதி.

உட்கார்ந்தார். ஒரு வாக்கியம் பேசினார். ஆவேசம் வந்ததும் மறுபடி எழுந்தார், மறுபடி வயிறு. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்து ஜெயப்பிரியா. அவள் பேச ஆரம்பித்ததும் ஜானகிராமன் வழக்கம்போல் குறுக்கே பாய்ந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை! கோர்ட்டு ஊழியர் அவருடைய மைக்கை அணைத்து வைத்திருந்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்பது வீடியோ விசாரணையின் விதியாம். என் தங்கையின் சின்னக் குரல், தொடங்கிய வாக்கியத்தை முதன்முறையாக முடித்தது.

"வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவர இப்போது ஆளை அனுப்ப முடியாதேம்மா" என்றார் நீதிபதி.

"அனுப்ப வேண்டாம், ஐயா. என் கட்சிக்காரர் அந்த வீட்டிலிருந்தே இணைப்பில் காத்திருக்கிறார். அனுமதி கொடுத்தால் நீங்களே பார்க்கலாம்."

அனுமதி கிடைத்தது. முதலில் உத்தரம் தெரிந்தது, பிறகு செல்லம்மாவின் கால் விரல்கள், பிறகு அடுப்பில் கொதிக்கும் உலை.

ஜானகிராமனுக்கு மைக் கொடுத்தார்கள். "ஐயா, அடுப்பு எல்லார் வீட்டிலயும்தான் எரியும். இது எந்த வீடோ?"

"அம்மா, வெளியில வந்து வாசலைக் காட்டுங்க" என்றாள் ஜெயப்பிரியா.

செல்லம்மா போனோடு தெருவுக்கு வந்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது சாட்சாத் தாமோதரன்! கோர்ட்டே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"இன்னா அண்ணி, வீடியோ எடுத்துகினு கீறியா? எடு, நல்லா எடு! ராத்திரியெல்லாம் உள்ளாற தாப்பா போட்டுகினு தூங்குற இல்ல, நாளைக்கு உன்னையும் உன் சட்டி பானையையும் வூட்டைவுட்டுத் தூக்கி எறியறேன் பாரு!"

நீதிபதி திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"அவர் யாரம்மா?" என்றார் நீதிபதி.

"எதிர்மனுதாரர், ஐயா. வீடு பூட்டிக் கிடக்கிறதாகச் சத்தியம் செய்தவர்" என்றாள் என் தங்கை, குரல் உயர்த்தாமல்.

அடுத்த விசாரணைவரை செல்லம்மாவை வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது என்று அங்கேயே உத்தரவானது. அதோடு அவள் விடவில்லை. உத்தரவை இன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டு வாங்கினாள்.

"அப்படிப் போடுடி என் தங்கமே!" என்று கத்திவிட்டேன்.

"அங்கே யார் அது?"

"என் அக்கா, ஐயா. மன்னிக்கணும்."

நீதிபதி சிரித்தாரோ என்னவோ, அதற்குள் அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் செல்லம்மா கூப்பிட்டார். போலீஸ்காரர் வந்து தாமோதரனை வாசலில் நிறுத்தி உத்தரவைப் படித்துக் காட்டினாராம்.

"இனிமே கதவைத் தொறந்து போட்டுகினே சோறாக்குவேன் வக்கீலம்மா. எவன் கேக்கறான் பாக்கறேன்!"