கரண்ட் இல்லாத நாளில் ஏழு சோதனைகள்

"புரட்டாசி 17, செவ்வாய். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை, மாதாந்திரப் பராமரிப்பு. மில் ஓடவில்லை. மல்லி புடைத்தல், சாக்கு தைத்தல் மட்டும். மூன்று மணிக்கு நாலு தூறல். மண் நனையவில்லை."

இது என் நாட்குறிப்பில் நான் எழுதியது. அதே தேதியிட்ட இன்னொரு தாள் கம்பெனிக் கோப்பில் இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் சோதனைப் பதிவு. பத்து மணி, சரி. பதினொன்று, சரி. பன்னிரண்டு, சரி. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் சரி. அடியில் பேக்கிங் அறை மேற்பார்வையாளரின் கையெழுத்து. அதற்கும் அடியில், "சரிபார்த்தேன்" என்று அச்சிட்ட இடத்தில், என் கையெழுத்து.

மின்சாரம் இல்லாத ஒரு நாளில் மின்சாரத்தில் ஓடும் ஓர் இயந்திரத்தை ஏழு முறை சோதித்திருக்கிறோம். இதை நான் கண்டுபிடித்தது ஐப்பசி இரண்டாம் வாரத்தில். சான்றிதழுக்கான இறுதித் தணிக்கைக்கு எட்டு நாள் இருந்தது.

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் ஒரு மசாலாத் தூள் கம்பெனியில் பதிவேடுகள் பார்ப்பது என் வேலை. முன்பு ஆறு வருடம் நர்சரிப் பள்ளியில் இருந்ததால் இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர். புதூர்ப் பக்கத்துக் கரிசலில் விளையும் மிளகாய் வத்தலும் மல்லியும் வரும். அரைத்து, சலித்து, பாக்கெட் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்குவோம். பெட்டிகள் கடைசியாக மெட்டல் டிடெக்டரின் பெல்ட்டில் ஏறி இறங்கும். உள்ளே இரும்புத் துணுக்கு இருந்தால் அது கத்தும், பெல்ட் நின்றுவிடும். அது சரியாகக் கத்துகிறதா என்று பார்க்க, சிறு இரும்பு மணி பதித்த ஒரு பிளாஸ்டிக் அட்டையை மணிக்கு ஒரு முறை பெல்ட்டில் விட வேண்டும். அந்தச் சோதனைக்குத்தான் இந்தப் பதிவேடு.

இதெல்லாம் ஒரு வருடத்துக்குள் வந்தவை. வெளிநாட்டில் எங்கள் தூளை வாங்கும் வியாபாரி, சர்வதேச உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் இனி சரக்கு எடுக்க முடியாது என்று எழுதிவிட்டார். முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் மதுரையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்.

அவர் பன்னிரண்டு கோப்புகளுடன் வந்தார். பெண்களுக்குத் தொப்பி, மேலங்கி. தலையில் பூ கூடாது. கண்ணாடி வளையல் கூடாது, உடைந்து தூளில் விழும். சாக்கு ஒவ்வொன்றுக்கும் எண், எந்த ஊர், யார் காடு என்ற குறிப்பு. புதூரிலிருந்து தன் காட்டு வத்தலைக் கொண்டுவந்த சம்சாரி ஒருவர் நான் சாக்கில் எண் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எம் பேரனுக்கே ஆதார் கார்டு இன்னும் வரல டீச்சர். வத்தலுக்கு முந்திக்கிட்டு வந்துட்டு," என்றார்.

பேக்கிங் அறை மேற்பார்வையாளர் கழுகுமலைக்காரர். தினமும் பஸ்ஸில் வருவார். எங்களுக்கு அவர் அக்கா. பதினைந்து வருடம் தீப்பெட்டி ஒட்டிய கை. ஒட்டிய கட்டுக்குத்தான் கூலி, ஒட்டாத நாளுக்கு ஒன்றும் இல்லை. மாதச் சம்பளமும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது இங்கேதான். அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கைப்பையில் வைத்திருப்பார்.

வளையல் கூடாது என்று ஆலோசகர் சொன்ன அன்று அக்காதான் முதலில் பேசினார். "பூ கூடாது, வளையல் கூடாது. தாலிய மட்டும் விட்டு வச்சிருக்கீங்க சார், அதுக்கு எப்ப போர்டு மாட்டுதீங்க?" அறை முழுக்கச் சிரித்தது. தாலியை மேலங்கிக்குள் போட்டுக்கொண்டால் போதும் என்று முடிவானது. மறுநாள் எல்லோருக்கும் முன்பாக வளையலைக் கழற்றி வைத்தவரும் அவர்தான். அதன்பிறகு அந்த அறையில் விதி என்றால் அக்காதான். ஆலோசகர் கடம்பூர்ப் போளிப் பொட்டலத்துடன் உள்ளே நுழைந்தபோது வாசலிலேயே மறித்து, "திங்கிற சாமான் உள்ள வரப்படாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டுனீங்க. இங்கன நின்னு தின்னுட்டு வாங்க," என்றார்.

அப்படிப்பட்டவருடைய பதிவில்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் தனியாகக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். புரியவில்லை. நாட்குறிப்பையும் காட்டினேன்.

"அன்னைக்கு கரண்டே கெடையாதே," என்றார்.

"ஆமா. பின்ன எப்படி ஏழு டெஸ்ட்?"

"புதன்கிழமை காலைல வந்து ஃபைல தொறந்தேன் டீச்சர். முந்தின நாள் கட்டம் எல்லாம் காலியா கெடந்துது. கட்டம் காலியா இருந்தா வேல நடக்கலன்னு அர்த்தம், சர்ட்டிபிகேட் கெடைக்காதுன்னு அந்த சார் சொன்னாவள்லா? அதான் எழுதிட்டேன். தப்பா எழுதுதோம்னு தோணவே இல்ல. மிச்சம் வச்சத முடிச்சு வைக்கோம்னுதான் நெனச்சேன்."

"வேற நாள்ல இப்படி எழுதியிருக்கீங்களா?"

"இல்ல. கரண்ட் இருந்த நாள்ல எதுக்கு எழுதணும், அட்டைய விட்டா போச்சு."

அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் என் கையெழுத்தை நான் எப்படி நம்புவது என்று தெரியவில்லை. அன்று மின்சாரம் இல்லை என்பதை வீட்டில் உட்கார்ந்து எழுதியவள் நான். மறுநாள் அதே கையால், வரிசையாக "சரி" என்று இருந்ததைப் பார்த்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மழை பெய்த நேரம் தவறாமல் எழுதுகிறவளுக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வேல போயிருமா டீச்சர்?"

தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

முதலாளி அறையில் ஆலோசகரும் இருந்தார். பதிவுத் தாளையும் நாட்குறிப்பையும் மேசையில் வைத்தேன். ஆலோசகர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஒரு ஷீட்தான? மாத்தி எழுதிருங்க. மின்தடைன்னு குறுக்கே ஒரு கோடு. அதே பேனா, அதே கையெழுத்து. முடிஞ்சுது."

"யாரு எழுதுனது?" என்று கேட்டார் முதலாளி.

"எழுதினது அக்கா. சரின்னு கையெழுத்து போட்டது நான். அவியள அனுப்புறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க அண்ணாச்சி. தாள மாத்தி எழுத மாட்டேன்."

"மாத்தாம தணிக்கைக்கு வாறவர்ட்ட காட்டுனா சர்ட்டிபிகேட் போச்சுல்லா டீச்சர்? அத நம்பி சாயங்கால ஷிப்ட் போடலாம்னு இருக்கேன்."

அதற்குள் சான்றிதழ் கொடுப்பவர்களின் விதிப்புத்தகத்தை நான் இரண்டு முறை படித்திருந்தேன். தவறே நடக்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. நடந்த தவறை எழுத வேண்டும், அது சரக்கைத் தொட்டதா என்று பார்க்க வேண்டும், மறுபடி நடக்காமல் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்கென்று ஒரு படிவமும் இருந்தது. அதுவரை அதை யாரும் நிரப்பியதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து முதலாளியின் முன் வைத்தேன்.

அவர் மெதுவாக, விரல் வைத்துப் படித்தார். "சரக்க தொட்டுச்சான்னு பாக்கணும்னு போட்டிருக்கே. செவ்வாய்க்கிழமை சரக்கே போடலயே?"

"செவ்வாய்க்கு இல்ல அண்ணாச்சி. புதனுக்கு."

அப்போதுதான் ஆலோசகர் நிமிர்ந்தார். மின்சாரம் போய் வந்தால் அந்த இயந்திரத்தை மறுபடி அமைக்க வேண்டும். சில சமயம் அமைப்பு மாறி, சின்னத் துணுக்குக்குக் கத்தாமல் போகும். அதனால் மின்தடைக்கு மறுநாள் காலை முதல் சோதனைதான் மிக முக்கியம். செவ்வாய்த் தாளில் எல்லாம் சரி என்று இருந்ததால், புதன் காலை இயந்திரத்தை மறுபடி அமைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

முதலாளி எழுந்தார். "புதன்கிழமைல இருந்து போட்ட பெட்டி எங்க இருக்கு?"

ஏற்றுமதிப் பெட்டிகள் முழுவதும் குடோனில் இருந்தன, கண்டெய்னர் இன்னும் நிறையவில்லை. உள்ளூருக்குப் போட்ட பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போய்விட்டன. முதலாளி அங்கேயே உட்கார்ந்து கடைக்காரர்களுக்குப் போன் போட்டார். விற்ற சரக்கை நாங்களே திரும்பக் கேட்டது அதுதான் முதல் தடவை. சங்கரன்கோவில் கடைக்காரர் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "நல்லா இருக்குற தூள எதுக்கு அண்ணாச்சி திருப்பிக் கேக்குதிய? வெல ஏறப் போவுதோ?"

மறுநாள் காலை இயந்திரத்தை அமைத்து, அட்டையை மூன்று முறை விட்டுப் பார்த்து, பெட்டிகளை மறுபடி பெல்ட்டில் ஏற்றத் தொடங்கினோம். யார் என்ன செய்தார்கள் என்பதை அக்காவே பெண்களிடம் சொல்லியிருந்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. கேலி மட்டும் நடந்தது.

"ஏட்டி, அக்கா எழுதுன ஏழு சரிக்கு நம்ம இடுப்பு ஒடியுது."

"பேசாம தூக்குட்டி. தும்முனா தொப்பி கழறுது, அதையும் எழுதிருவாவ டீச்சர்."

இரண்டு நாள் தூக்கினோம். காரம் கண்ணில் ஏறி எல்லோருக்கும் முகம் சிவந்திருந்தது. இரண்டாம் நாள் மதியம், புதன்கிழமை முத்திரையிட்ட ஒரு பெட்டி போனபோது பெல்ட் நின்றது. திருப்பி விட்டோம், மறுபடி கத்தியது. பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, கத்திய ஒன்றைத் தாம்பாளத்தில் கொட்டி, காந்தத்தால் தேடினோம். அரிசி மணி நீளத்துக்கு ஒரு கம்பித் துணுக்கு. சல்லடைக் கம்பியாக இருக்கும் என்றார் மில் ஓட்டுகிறவர்.

அக்கா அந்தத் துணுக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஒரு புள்ள சாப்பாட்டுல போயிருக்கும்," என்று மட்டும் சொன்னார். மீதிப் பெட்டிகளை அவரே முன்னால் நின்று தூக்கிவைத்தார். வேறு எதுவும் கத்தவில்லை. கடைகளிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளிலும் எதுவும் இல்லை.

அன்று மாலை படிவத்தை நிரப்பினேன். நடந்தது, எழுதியது, கையெழுத்திட்டது, கிடைத்தது, எல்லாம். கம்பித் துணுக்கைச் சிறு உறையில் போட்டு அதோடு இணைத்தேன். இனி மின்தடை நாளில் தாளின் குறுக்கே கோடு போட்டுக் காரணம் எழுத வேண்டும் என்றும், மின்சாரம் வந்தபின் முதல் சோதனையை இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும் என்றும் புதிய விதி எழுதினோம்.

தணிக்கையாளர் சென்னையிலிருந்து வந்தார். பல கோப்புகளைப் புரட்டித் தள்ளியவர் இந்தப் படிவத்தில் நின்றார். உறையைத் திறந்து கம்பியைப் பார்த்தார். என்னையும் அக்காவையும் தனித்தனியாகக் கேட்டார். நான் படிக்காமல் கையெழுத்திட்டதை ஒரு குறையாக எழுதி, ஒரு மாதத்துக்குள் திருத்தியதற்குச் சான்று அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். சான்றிதழ் வந்தது. சாயங்கால ஷிப்ட் கார்த்திகையில் தொடங்கியது.

அக்காவின் வேலை விஷயத்தை முதலாளி அதன்பிறகுதான் எடுத்தார். "செவ்வாய்க்கிழமை எழுதுனது பயத்துல எழுதுனது, அத விட்டுருதேன். புதன்கிழமை காலைல பத்து மணிக்கு அந்தம்மா அட்டைய விட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. விட்டுருந்தா மிஷின் கோளாறு. விடாம சரின்னு எழுதியிருந்தா அந்த அறைய அதுட்ட குடுக்க முடியாது."

பதிவில் "பத்து மணி, சரி" என்று இருக்கிறது. அட்டையை விட்டதாக அக்கா சொல்கிறார், ஒரு முறை கூட மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அதே காலையில்தான் அவர் உட்கார்ந்து முந்தின நாள் தாளை நிரப்பியிருக்கிறார். அன்று அறையில் இருந்த பெண்களில் ஒருவர் பார்த்ததாகவும், ஒருவர் பார்க்கவில்லை என்றும், மற்றவர்கள் நினைவில்லை என்றும் சொன்னார்கள். என் நாட்குறிப்பில் அன்றைக்குக் கழுகுமலை பஸ் தாமதம் என்பது தவிர வேறு ஒன்றும் இல்லை. இயந்திரம் அன்று கத்திய நேரங்களைத் தன்னிடம் சேர்த்துவைத்திருக்குமா என்று தயாரித்த கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.

முதலாளியிடம் இதையே சொன்னேன். தெரியாத ஒன்றை ஆம் என்றோ இல்லை என்றோ இனி எழுத மாட்டேன் என்றும் சொன்னேன். தெரியும்வரை இருக்கட்டும் என்றார். அக்கா பேக்கிங் அறையில்தான் இருக்கிறார்.

புரட்டாசி 18, புதன், காலை பத்து மணிச் சோதனை நடந்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை.