கணக்கியல் அடுக்கில் ஒரு தோட்டப் புத்தகம்

என் சித்திக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே கம்பிக் கூண்டு, அதற்குள் முண்டியடிக்கும் தொட்டிகள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிடுவாள். ஆனாலும் அந்தக் குடியிருப்பில் யாருடைய செடி வாடினாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். 'செடி டாக்டர்' என்று பெயர். சித்தி அதைக் காதில் விழாத மாதிரி இருப்பாள். முகம் மட்டும் மலர்ந்துவிடும்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது என்னையும் நூலகத்துக்கு இழுத்துப் போனாள். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தோட்டப் புத்தகங்கள்.

"இந்தத் தடியனைத் தொடாதே. முழுக்கப் படம். கல்யாண ஆல்பம் மாதிரி புரட்டிட்டு வெச்சிடலாம், செடி வளராது. இதை எடு. எழுதின ஆளு தன் கையால எத்தனை ரோஜாவைச் சாகடிச்சான்னு மறைக்காம சொல்றான். அவனை நம்பலாம்."

"இருக்கறதிலேயே நல்லது எது சித்தி?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கணக்கியல் அடுக்குக்குக் கூட்டிப்போனாள். தடித்த தணிக்கைப் புத்தகங்களுக்குப் பின்னால், அட்டை கிழிந்து, மெல்லியதாக ஒன்று. செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றியது. அச்சடித்ததைவிட ஓரங்களில் பென்சிலால் எழுதியதுதான் அதிகம். இரவல் வாங்கிய ஊர்க்காரர்கள், இந்தத் தண்ணீருக்கும் இந்த வெயிலுக்கும் எது பலித்தது, எது சொதப்பியது என்று ஆளாளுக்குக் கிறுக்கி வைத்திருந்தார்கள். சித்தியின் வைத்தியமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

"வேற யாருக்கும் வேண்டாமா?"

"வேணும்னுதானே இங்க வெச்சிருக்கேன். கணக்குப் படிக்கிற பசங்க பின்வரிசைக்குக் கை விடமாட்டாங்க."

அந்த வாரமே கீழ்வீட்டு லாரிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். வண்டியை விட்டு வீட்டோடு இருப்பவர். அவர் மனைவி வைத்த எலுமிச்சை மரம் வாசலில் நின்றது, மனைவி இல்லை.

"லைப்ரரில செடி நோய்ப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சேம்மா, அட்டை கிழிஞ்சு. கண்ணுல பட்டுச்சா?"

"பார்க்கலையேண்ணா. மரத்துக்கு என்ன?"

"இலை சுருண்டு சுருண்டு கொட்டுது."

"சனிக்கிழமை வந்து மருந்து சொல்றேன், கவலைப்படாதீங்க."

அவர் இறங்கியதும் நான் சித்தியைப் பார்த்தேன்.

"என்ன முறைக்கிறே? புத்தகமா போனா என்ன, மருந்தா போனா என்ன? மரம் பிழைச்சா சரி."

சனிக்கிழமை கணக்கியல் அடுக்கு துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது. நூலகத்துப் பெண் மேசையிலிருந்து தலையை நீட்டினாள்.

"பழைய பாடத்திட்டம்கா. மொத்தமா எடைக்குப் போட்டாச்சு. உங்களுக்கு எதுக்குக் கணக்குப் புத்தகம், ஆடிட்டர் ஆகப்போறீங்களா?"

"பின்வரிசையில வேற ஏதாவது..."

"யாரு பார்த்தா? அப்படியே அள்ளிக் கட்டிட்டாங்க."

பழைய பேப்பர் கடைக்கு ஓடினோம். மூட்டைகள் காகித ஆலைக்குப் போய்விட்டிருந்தன. வீட்டுக்குத் திரும்பியதும் சித்தி மாடிப்படி ஏறாமல் நேராக லாரிக்காரரிடம் போனாள். ஒளித்து வைத்ததை, பொய் சொன்னதை, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளி விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புத்தகத்துல எலுமிச்சை பத்தின பக்கத்து ஓரத்துல எழுதினது நான்தாம்மா. முன்னாடி ஒரு தடவை இதே மாதிரி ஆனப்ப அவ ஏதோ கலந்து ஊத்தினா, மரம் பிழைச்சுது. அவ சொல்லச் சொல்ல எழுதினேன். அது என்னன்னு மறந்துபோச்சு. அதைப் பார்க்கத்தான் கேட்டேன்."

"கோணல்மாணலா, அடியில கோடு போட்டு. பார்த்திருக்கேண்ணா."

"வண்டி ஓட்டின கை. என்ன எழுதியிருந்தேன்?"

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவளிடம் எலுமிச்சை இல்லாததால் அந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"சாம்பல்னு ஏதோ..."

"சாம்பல் உண்டு. அப்புறம்?"

"சோப்புத் தண்ணியா?"

"இல்லம்மா. சோப்பை அவ மரத்துக்குக் கிட்டவே விடமாட்டா."

இருட்டும்வரை இருவரும் படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். சித்திக்கு அந்தக் கையெழுத்தின் சாய்வு ஞாபகம் வந்தது, பென்சில் அழுந்தியிருந்தது ஞாபகம் வந்தது, சொல் வரவில்லை. கடைசியில் வெறும் சாம்பலைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் மரம் விறகாகிவிட்டது.

இப்போது யாராவது வாடிய தொட்டியோடு மாடியேறி வந்தால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நிஜமாத்தான் சொல்றேன்" என்கிறாள் சித்தி. அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எண்ணிக்கொண்டு, தொட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.