முப்பது பேரை எடுக்குறோம்!

அந்த மைக்கை ஆன் செய்ததும் முதலில் வருவது ஒரு கீச்சுச் சத்தம்தான். அடுத்து ஜி.எம். சார் தொண்டையைச் செருமுவார். தையல் மெஷின்கள் எல்லாம் ஒரு நொடி நிற்கும்... இஸ்திரி மேசைகளின் நீராவியும் புதுத்துணி வாசமும் மட்டும் நிற்காது.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்த கார்மெண்ட்ஸ் யூனிட் அது. எனக்கு ஹெச்.ஆரில் வேலை. அட்டெண்டன்ஸ் பார்ப்பது, பி.எஃப். பேப்பர் நிரப்புவது, யாராவது அழுதால் தண்ணீர் கொடுப்பது.

ஒருநாள் ஜி.எம். கூப்பிட்டார். "ஹெட் ஆபீஸ்ல கம்யூனிகேஷன் டீம் ஒண்ணு வேணுங்கிறாங்கம்மா. நீயே லீடரா இருந்துக்க."

டீமில் யார் யார் சார் என்றேன். "நீயே பாத்துப் பிடி" என்றார். சம்பளம் ஏறுமா என்று கேட்டேன். அடிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

நான் பிடித்த முதல் ஆள் டைம் ஆபீஸ் ரோசலி அக்கா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசகம் படிப்பவர். அவர் குரலுக்குக் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது ஆள், கம்பெனி பஸ் டிரைவர் பாண்டி அண்ணன். செல்லூர், ஆனையூர் பக்கமிருந்து பெண்களை ஏற்றிவருபவர். யூனிட்டில் யார் மனதில் என்ன ஓடுகிறது என்பது எங்களுக்கு முன்னால் அவருடைய பஸ்ஸுக்குத் தெரிந்துவிடும்.

"டிரைவரையாம்மா டீம்ல போட்ட?" என்று ஜி.எம். சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீம் ஆரம்பித்த அதே வாரம், வெள்ளிக்கிழமை, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சார் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அடுத்த வாரம் நம்ம யூனிட்ல முப்பது பேரை எடுக்குறோம். எல்லாரும் ஒத்துழைக்கணும்."

அவ்வளவுதான். கீச்... ஆஃப்.

அவர் சொன்னது புதுத் தையல் லைனுக்கு ஆள் சேர்ப்பதைத்தான். ஆனால் அந்த வாரம் பாதி மெஷின்கள் வேலையில்லாமல் சும்மா கிடந்தன. அந்த நேரத்தில் 'எடுக்குறோம்' என்றால் காதில் எப்படி விழும்? வேலைக்கு எடுப்பதும் எடுப்பதுதான்... வேலையை விட்டு எடுப்பதும் எடுப்பதுதான். இதில் 'ஒத்துழைக்கணும்' வேறு!

சாயங்காலம் பாண்டி அண்ணனிடமிருந்து ஃபோன்.

"தங்கச்சி, பஸ்ஸுல ஒரே அழுகை. அவங்க எடுக்குறதுக்கு முன்னாடி நாமளே வேற கம்பெனிக்குப் போயிருவோம்னு பேசிக்கிறாங்க. திங்கக்கெழம பாதிப் பேரு வரமாட்டாங்க போல."

புது லைன் போடுவதே ஒரு பெரிய ஆர்டரை நம்பித்தான். இருப்பவர்களில் பாதிப் பேர் போய்விட்டால் ஆர்டர் கைநழுவும். ஆர்டர் போனால், கம்பெனி நினைத்தே பார்க்காத அந்த ஆள்குறைப்பு நிஜமாகவே நடந்துவிடும்.

மறுநாள் காலை சாரிடம் ஓடினேன். அவர் பதறிப்போய், நான் சொல்லி முடிப்பதற்குள் மைக்கை ஆன் செய்துவிட்டார்.

"யாரையும் எடுக்கலை! யாரையும் எடுக்கலை!"

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியது. முதல் அறிவிப்பைச் சரியாகவே புரிந்துகொண்டு, தங்கச்சியையும் நாத்தனாரையும் வேலை கேட்டு வரச் சொல்லியிருந்தவர்கள். "ஆள் எடுக்கலையாமே?" என்று அவர்கள் முகம் வாடிவிட்டது. நான் சிரிப்பதா, அழுவதா?

"சார், இனிமே மைக் வேண்டாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தை எங்ககிட்ட விட்ருங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சரி என்று தலையாட்டினார்.

மூன்று பேரும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்வது என்று பேசிவைத்துக்கொண்டு, கேண்டீனில் மேசை மேசையாகப் போனோம். "புதுசா முப்பது பேரைச் சேக்குறோம். இப்ப இருக்குற எல்லாருக்கும் வேலை இருக்கு." அதோடு விடவில்லை. "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்றும் கேட்டோம்.

முத்துலட்சுமி அக்கா மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. காலர் தைப்பதில் கை அவ்வளவு வேகம், வாய் அதைவிட வேகம். டிபன் பாக்ஸை டப்பென்று மூடினார்.

"இருக்குற மெஷினுக்கே வேலையக் காணோம். புது ஆளு எதுக்கு? எங்களத் தள்ளிவிடத்தான?"

சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஆர்டர் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது ஹெட் ஆபீஸ் உத்தரவு. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"காரணம் இருக்குக்கா. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. கேட்டுட்டு வாரேன். பெல் அடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

ஓடினேன். "அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கும்மா?" என்றார் ஜி.எம்.

"திங்கக்கெழம வந்து தைக்கப் போறது அவங்கதான சார்?"

ஹெட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டார், இந்த முறை நிஜமாகவே. பிறகு அவரே எழுந்து கேண்டீனுக்கு வந்தார். அக்காவின் மேசை முன்னால், மைக் இல்லாமல், நின்று சொன்னார். பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது. துணி வரத் தாமதம், அதனால்தான் மெஷின்கள் சும்மா கிடக்கின்றன. துணி லாரி கிளம்பிவிட்டது.

"இத நேத்தே சொல்லியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்போம்ல சார்?" என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை கேட்டில் போய் நின்றேன். பாண்டி அண்ணனின் பஸ் திரும்பியது... உள்ளே நிற்க இடமில்லாமல் படி வரைக்கும் ஆட்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே முத்துலட்சுமி அக்காவை டீமுக்குக் கூப்பிட்டேன்.

"என்னையவா? நான் கேள்விதான கேப்பேன்?"

"அதுக்குத்தான்க்கா."

இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்தான். யார் யார் பார்த்தார்கள் என்று நீல டிக் காட்டிவிடுகிறது. புரிந்ததா என்று காட்டும் டிக் இன்னும் வரவில்லை. அந்தக் கேண்டீன் இரைச்சலில், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதை நினைத்தால் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நான் இப்போது கம்பெனியின் எல்லா யூனிட்டுகளுக்குமான கம்யூனிகேஷனைப் பார்க்கிறேன். ஒத்தக்கடை டீமுக்கு லீடர் முத்துலட்சுமி அக்கா. போன வாரம் ஷிஃப்ட் மாற்றம் பற்றி ஒரு மெசேஜ் எழுதி அவருக்கு அனுப்பினேன். பிரமாதமாக எழுதிவிட்டதாக எனக்கு நினைப்பு. உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஏம்மா, இம்புட்டு நீளமா எழுதியிருக்கியே, பஸ்ஸு எத்தன மணிக்குன்னு எங்க இருக்கு? மாத்தி அனுப்பு. இப்படியே குரூப்புல போட மாட்டேன்."

மாற்றி எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதே இல்லை.