தண்ணி மோட்டார் சுப்புராயன்

என் அக்கா பட்டம்மாளைக் கட்டிக்கொடுத்த ஊர் மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தெற்கே இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் சுப்புராயன் அங்கே பஞ்சாயத்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. தெருவில் நடந்தால் நாலு பேர் "தண்ணி எப்ப வுடுவ?" என்று கேட்பார்கள். அதில் மனுசனுக்கு அப்படி ஒரு பெருமை.

2010 கோடையில் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டதால், போர்வெல் மோட்டாரைப் போட்டு நேராகத் தெருக்குழாயில் தண்ணீர் விட வேண்டியதாயிற்று. மோட்டார் சத்தம் கேட்டதோ இல்லையோ, வீட்டுக்கு வீடு ஒளித்துவைத்திருக்கும் குட்டி மோட்டாரைக் குழாயில் மாட்டி உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். ஊருக்கே ஒரு டிரான்ஸ்பார்மர், அது அந்தக் கோடியில். போர் கொட்டகை இந்தக் கோடியில். இத்தனை பேர் நடுவில் இழுத்தால் கடைசிக் கம்பத்துக்கு வோல்டேஜ் எங்கிருந்து வரும்? கொட்டகை மீட்டரில் முள் மடமடவென்று இறங்கும், போர் மோட்டார் முனகும், ஸ்டார்ட்டர் தானாகத் தட்டி மோட்டாரை நிறுத்திவிடும். உடனே "யோவ், தண்ணி நின்னுபோச்சு!" என்று ஒரே கூச்சல். உறிஞ்சுகிறதும் அவர்கள்தான், கத்துகிறதும் அவர்கள்தான். வெட்கங்கெட்ட ஜனம்!

மாமா பயந்த சுபாவம். கூச்சல் தாங்காமல் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை மறுபடி மறுபடி அமுக்கினார். வோல்டேஜ் பத்தாமல், மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் எரிந்தது. மஞ்சக்குப்பத்தில் கொடுத்துப் புதுக் கம்பி சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள், மறுபடியும் எரிந்தது. "வேணும்னே எரிச்சி செம்புக் கம்பிய வித்துத் துன்றான்" என்று ஊர் பேசியது. இன்னொரு தடவை எரிந்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார்.

மாமா லைன்மேன் கொளஞ்சியப்பனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்தார். அவர் ஏணியோடு தெருமுனையில் திரும்பும்போதே "கரண்டுக்காரன் வரான்" என்று சேதி பறந்து, குட்டி மோட்டார் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கம்பம் கம்பமாக ஏறி ஜாயிண்டுகளை இறுக்கினார், கருகிய கம்பியை மாற்றினார். போர் மோட்டாரைப் போட்டார்கள். முள் நானூறு வோல்ட்டில் அசையாமல் நின்றது.

"வோல்டேஜ் சூப்பரா கீதேய்யா. எதுக்கு என்னைய அலையவுடற?"

"நீங்க போனதும் எறங்கிடும் சார்."

"நான் போனப்புறம் நான் எப்டிய்யா பாக்கறது?"

லைன்மேன் போனதும், பக்கத்தில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "வூட்டு வூடா மோட்டார் வச்சிருக்கறத சொல்ல வேண்டியதுதான மாமா?" என்று குதித்தேன்.

"சொன்னா புடிங்கினு போயிடுவாங்க மச்சான். அப்புறம் இந்த ஊர்ல யார் மூஞ்சில முழிக்கறது?"

காட்டிக்கொடுப்பதற்குப் பதில் வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினார். தெருவுக்கு ஒரு நேரம் முறை வைத்துப் போட்டால் எல்லோருக்கும் வரும் என்றார். "எதுத்த வூட்டுக்காரன நிறுத்தச் சொல்லு, நானும் நிறுத்தறேன்" என்றார்கள். எதிர்வீட்டுக்காரன் இவர்களைக் கைகாட்டினான். தலைவர் வீட்டுத் தோட்டத்தில் ஓடிய மோட்டாரோ எல்லாவற்றையும்விடப் பெரிசு.

ஆடி மாதத் திருவிழாவன்று விருந்தாளிகளால் ஊர் நிறைந்திருந்தபோது மூன்றாவது காயில் எரிந்தது. மறுநாளே கொட்டகைச் சாவியை வாங்கி, தேவநாதன் என்கிற வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். "திருடன் போயிட்டான், இனி தண்ணி ஒழுங்கா வரும்" என்று ஒரு பெண் அக்கா காதுபடவே சொன்னாள்.

அடுத்த மாதம் நான் போனபோது அக்கா வீட்டுக் குழாயடியில் புதிதாக ஒரு குட்டி மோட்டார் இருந்தது. "இல்லன்னா சொட்டுத் தண்ணி வரலடா தம்பி" என்றாள் அக்கா. தூரத்தில் தேவநாதன் போர் மோட்டாரைப் போடும் சத்தம் கேட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டார்.

வீட்டு பல்பு மங்கியது. குடத்தில் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டகைப் பக்கம் சத்தம் நின்றுபோய், தெருவே தேவநாதனைத் திட்ட ஆரம்பித்தது.

"தட்டிடுச்சி" என்றார் மாமா. சுவிட்சை அணைக்காமல் அடுத்த குடத்தை எடுத்து வைத்தார்.