அம்மா கேட்ட கொங்கணி

கொறுக்காய்ப்புளிப் பைக்கற்றை இன்று உடைத்ததும் அந்த மணம் என்னை லா ஷப்பல் தமிழ்க்கடைத் தெருவில் முந்தி இருந்த எங்கட பலசரக்குக் கடைக்கே கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே ஃபோன் விற்கிறார்கள். மீன்குழம்புக்கு அந்தப் புளி வாங்க வரும் கோவாக்காரி பிலோமினா அன்ரி, கொங்கணியில் நாவல் எழுதத் துணிந்த முதல் பெண்களில் ஒருவர், அரிசிமூட்டையில் அமர்ந்து அன்றன்று எழுதியதை உரக்க வாசிப்பா. அப்பா மிளகாய் அரைக்கும் மெஷினை நிறுத்திவிடுவார்.

“எங்களுக்கு ஒண்டும் விளங்காதே அக்கா?” என்றா அம்மா ஒருநாள்.

“அதுதான் உங்களுக்கு வாசிக்கிறேன். சொல் விளங்காத காதுக்குத்தான் வசனம் நொண்டுவது கேட்கும்” என்றா அன்ரி. இருவரும் பேசிக்கொண்டது பிரெஞ்சில்.

அதன்பின் கல்லாவில் இருந்தபடியே அம்மா கையை உயர்த்துவா. “இஞ்சை இடறுது.” அன்ரி உடனே வெட்டி மாற்றி எழுதுவா.

அந்த நாவலை இன்று கோவாப் பள்ளிகளில் படிக்கிறார்களாம். அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. ஆனால் எந்த வசனமும் நொண்டாது என்று சத்தியம் செய்வேன். முதலில் கேட்டது எங்கட அம்மா.