டயோட் வேண்டாம் என்று சொன்ன நாள்

கீச்... கீச்... என்று ஃபேன் கத்தும் பழைய டெஸ்க்டொப். அதன் சூட்டில் அறை முழுக்க வெந்த தூசியின் மணம். மேசைக்கடியில் என் வலது கால் நிற்காமல் ஆடும். மேலே தேத்தண்ணிக் கோப்பை கிணுகிணுக்கும்.

வெள்ளவத்தையில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட். மின்வெட்டுக் காலம். ஆறு மணிக்குக் கரண்ட் போனால் எட்டுக்குத்தான் வரும். தங்கச்சிக்கு ஏ.எல். சோதனை, கம்பஸுக்கு எடுபடுவதற்கான சோதனை. மெடிசின்தான் அவளுடைய கனவு. கரண்ட் போனதும் தானாகவே பற்றரிக்கு மாறும் லைட் ஒன்று செய்து தருவதாக, எலக்ட்ரோனிக்ஸ் படித்துக்கொண்டிருந்த நான் வாயை விட்டிருந்தேன்.

முதலில் சர்க்கிட்டை சொஃப்ட்வெயரில் வரைந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடியது... ஓடியது... ஒரு மணித்தியாலம் போயும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம்தான். தங்கச்சி கதவடியில் வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா அண்ணா?"

"இன்னும் இல்லையடி. குழப்பாத."

ஆறு மணிக்குக் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது என்கிற டைம் ஸ்டெப்பை ஆயிரம் மடங்கு கூட்டிவிட்டேன். உடனே முடிந்தது. கிராஃபில் ஒரு மேடு பள்ளம் இல்லை.

அடுத்த நாள் புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர், கரண்டிலிருந்து பற்றரிக்கு மாற்றும் ரிலேயை எடுத்து வைத்துவிட்டு, "மல்லி, டயோட் எகக் எபாத?" என்றார். தம்பி, டயோட் ஒன்று வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்கிறார். ரிலே விடுபடும்போது திடீரென்று எழும்பும் வோல்டேஜை அடக்கத்தான் அது. என் கிராஃபில்தான் எதுவும் எழும்பவில்லையே.

"எபா அய்யே," வேண்டாம் அண்ணே என்றேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

முதல் நாள் லைட் பத்தியது. தங்கச்சி படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள்.

இரண்டாம் நாள், விடிந்தால் கெமிஸ்ட்ரி பேப்பர். ஆறு மணிக்குக் கரண்ட் போனது. லைட் ஒருதரம் மின்னி அணைந்தது. ட்ரான்சிஸ்டர் கருகிய மணம். கண்ணிமைக்கும் முன் எழும்பி விழும் அந்த வோல்டேஜை என் பெரிய ஸ்டெப் பார்க்காமலே தாண்டிப் போயிருந்தது. பதறிப்போய் சோல்டரிங் அயனைத் தூக்கினேன்... கரண்ட் இல்லாமல் அது எப்படிச் சூடாகும்.

அவள் புத்தகத்தோடு போய், பக்கத்துப் புடைவைக் கடையின் ஜெனரேட்டர் வெளிச்சம் விழும் மாடிப்படியில் இருந்தாள்.

"பரவாயில்லை அண்ணா. இஞ்ச நல்லாக் காத்து வருது."

மெடிசின் கொஞ்சத்தில் தவறியது. அவள் ஒரு நாளும் அந்த லைட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும்தான். எனக்கு வெட்கம்.

இப்போது அலுவலகத்தில் கரண்ட் போனாலும் எதுவும் நிற்பதில்லை. அன்று மணிக்கணக்காக இழுத்தது இன்று தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிறது. அப்படியும் ஸ்டெப்பை ஆகச் சின்னதாக வைத்து, காலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். கதவடியில் வந்து நிற்க ஆள் இல்லை. அவள் மெல்பர்னில், இரண்டு பிள்ளைகளோடு.

போன கிழமை, ஒரு சர்க்கிட் ஓடிக்கொண்டிருந்தபோது, என்னவோ பொறுக்காமல் எல்லாவற்றையும் அவளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஸ்டெப்பைக் கூட்டியது, டயோட் வேண்டாம் என்றது, இப்போதும் ஒன்று ஓடி முடியக் காத்திருப்பது, எல்லாம்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"தெரியும் அண்ணா. ஒரு மணித்தியாலமா பதினெட்டு, பிறகு உடன நூறு. நான் கதவடியிலதானே நிண்டனான்."

அதற்குக் கீழே இன்னொன்று.

"இப்ப எத்தனை வீதம்?"