அப்பாவின் வலது கைக்கு ஒரு சன்ஸ்கிரீன்

பெரிய காஞ்சிபுரம் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று மதியம் முதல் நம் வேன் ஸ்டாண்டின் தோல் டாக்டராக அடியேன் பதவியேற்றுள்ளேன்.

அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். நாளெல்லாம் ஜன்னல் வெயில் படுவதால் வலது கை மட்டும் கன்றிப்போகும். சாயங்காலம் வந்ததும் அதில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா" என்பார்.

இன்று ஸ்டாண்டுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு சன்ஸ்கிரீனும் கொண்டுபோனேன்.

"இன்னாடா இது, மூஞ்சிக்குப் பூசுற ஸ்னோவா? பாத்தா சிரிப்பானுங்கடா" என்றார் அப்பா.

விடாமல் பிடித்து, கை வெளுக்கத் தடவினேன். பக்கத்து வேன் செல்வம் மாமா பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணே, கைக்கு மட்டும் விபூதி பூசிக்கினு நிக்கிற?"

அப்பா முகம் சுருங்கியது. துடைக்கத் துண்டை எடுத்தார்.

உடனே என் முகத்திலும் இரண்டு கைகளிலும் அள்ளிப் பூசிக்கொண்டு, வெள்ளையடித்த சுவர் மாதிரி நடுவில் போய் நின்றேன். மொத்த ஸ்டாண்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். துண்டு தோளுக்கே திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் செல்வம் மாமாவே கையை நீட்டினார். "டாக்டரே, எனக்கும் கொஞ்சம் உடுங்க."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி போடணும் மாமா" என்று அறிவுரை வழங்கிவிட்டு, மொட்டை வெயிலில் சைக்கிளை மிதித்து வீடு வந்தேன்.

இப்போது என் பின்கழுத்து தீயாய் எரிகிறது. அங்கே தடவ மறந்துவிட்டேன்.

அப்பா அதே ஈரத்துண்டோடு வந்து நிற்கிறார். "டாக்டரே, கொஞ்சம் குனிங்க."

பின்கழுத்தை மறந்த டாக்டர்கள் வேறு யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்கவும். தனியாகக் குனிந்திருக்க வெட்கமாக இருக்கிறது.